வாசகர் கேள்வி பதில்: வார இதழும் சிற்றிதழும்

போன இதழில் ஒரு வாசகர், "சிற்றிதழ் என்றால் விற்காத இதழ் என்று அர்த்தமா?" என்று கேட்டிருந்தார். இடம் குறைவாக இருந்ததால் "இல்லை" என்று ஒரே சொல்லில் பதில் எழுதினேன். அந்த ஒரு சொல்லுக்கு இத்தனை கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற விஷயமா அது என்று சிலர் கோபமாகவே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கோபம் சரிதான். மற்ற கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு இந்த முறை இதை மட்டும் பேசலாம்.

விற்பனை காரணம் இல்லையென்றால் வெகுஜன இதழுக்கும் சிற்றிதழுக்கும் என்னதான் வித்தியாசம்? எங்கள் துறையில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நடை என்கிறார் ஒருவர், கொள்கை என்கிறார் இன்னொருவர்.
(கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை)

ஒரு படைப்பு வாசகர் கைக்கு வருவதற்கு முன்னால் அதை "வேண்டாம்" என்று சொல்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அது போணியாகாவிட்டால் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். நான் பார்த்தவரை வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. நடை, கரு, கஷ்டமான மொழி எல்லாம் அப்புறம் வருகிறவை.

நான் ஒரு வார இதழில் ஆறு வருஷம் உதவி ஆசிரியராக வேலை பார்த்தேன். அட்டையில் அச்சடித்திருக்கிற விலை தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் ஏஜென்ட் கமிஷனுக்கும் போதாது, விளம்பரம்தான் இதழைத் தாங்கும். விளம்பரம் கொடுக்கிறவர் முதலில் கேட்பது எத்தனை பிரதி போகிறது என்பதைத்தான். அதனால் அடுத்த வாரம் வாங்காமல் போய்விடக்கூடிய ஒரு வாசகர் எங்கள் அறையில் நாற்காலி போட்டு எந்நேரமும் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். எங்கள் ஆசிரியர் நல்ல படிப்பாளி. தபாலில் வந்த ஒரு கதையை வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு தடவை படித்துவிட்டு, மறுநாள் காலையில் என்னிடம், "என்னமா எழுதியிருக்கான் பாருய்யா" என்று சொல்லிவிட்டு, "திருப்பி அனுப்பிடு, நமக்கு ஆகாது" என்றும் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் அவர் முகம் மாறியதை நான் பார்த்திருக்கிறேன். கதை பிடிக்காமல் அவர் திருப்பி அனுப்பவில்லை. அந்த நாற்காலிக்காரருக்கு அது பிடிக்காது என்று நினைத்தார், அவ்வளவுதான்.

இப்போது எதிர்ப்பக்கம் போகலாம். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா சென்னையில் 'எழுத்து' தொடங்கினார். முப்பதுகளில் வந்த 'மணிக்கொடி' இதழின் காலத்தில் எழுத வந்தவர், பத்திரிகை அலுவலக வேலை தெரிந்தவர். தொடங்கும்போதே அவர் அறிவித்த விஷயம் ஒன்று உண்டு: 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை. பத்திரிகை நடத்துகிற யாராவது முதல் நாளே இவ்வளவுக்கு மேல் வேண்டாம் என்று சொல்வார்களா? அவர் சொன்னார். அந்த எல்லையை எழுத்து நெருங்கக்கூட இல்லை என்பது வேறு கதை. ஆனால் அந்த அறிவிப்பை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: எண்ணிக்கையைத் துரத்த ஆரம்பித்தால் பக்கங்களைப் பற்றிய முடிவு தன் கையைவிட்டுப் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, போவதற்கு முன்பே வாசலை அடைத்துவிட்டார்.

1970 வரை 119 இதழ்கள் வந்தன. யாப்பு இல்லாத கவிதையைக் கவிதை என்று ஒப்புக்கொள்ளவே பெரும்பாலானவர்கள் தயாராக இல்லாத காலம் அது. ந. பிச்சமூர்த்தி, சி. மணி, பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி, திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைத் திரட்டிப் 'புதுக்குரல்கள்' என்று செல்லப்பாவே புத்தகமும் போட்டார். போட்டதை விற்கப் பையில் அடுக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக நடந்தார். இன்றைக்கு எந்த வார இதழைப் பிரித்தாலும் ஓரத்தில் ஒரு புதுக்கவிதை இருக்கிறது, யாரும் அதைப் பார்த்து இது கவிதையா என்று கேட்பதில்லை. அந்த இடத்தை முதலில் நஷ்டப்பட்டு வாங்கிக் கொடுத்தவர்கள் சில நூறு பேர் மட்டும் படித்த ஓர் இதழின் ஆட்கள்.

உங்கள் துறையில் சொல்கிற கொள்கை, நடை இரண்டும் பொய்யில்லை. ஆனால் அவை விளைவுகள். முடிவெடுக்கிற உரிமை கையில் இருந்ததால்தான் அந்த நடை அச்சேறியது. விற்காததெல்லாம் சிற்றிதழ் ஆகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். லட்சம் பிரதி விற்க ஆசைப்பட்டு மூன்றாவது மாதமே நின்றுபோன பத்திரிகைகள் ஏராளம். அவை தோற்றுப்போன வெகுஜன இதழ்கள்.

அப்படியானால் வெகுஜன இதழ்களில் வந்ததெல்லாம் குப்பை என்கிறீர்களா? என் அம்மா நாற்பது வருஷம் அதைத்தான் படித்தார்.
(வாசகர், தேனி)

என் அம்மாவும் அதைத்தான் படித்தார். வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, தொடர் முடிந்ததும் மொத்தமாகக் கொண்டுபோய் பைண்டு போட்டு வைப்பார். காலிகோ ஒட்டிய அந்தத் தடித்த புத்தகங்கள் எங்கள் தெரு முழுக்கச் சுற்றும், திரும்பி வரும்போது மஞ்சள் கறையும் எண்ணெய் விரலும் பட்டிருக்கும். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியது அதில்தான். பக்கத்தின் பின்பக்கம் பாதியில் அறுந்த ஜோக், சோப்பு விளம்பரம் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தேன். எட்டாவது வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணை ஐம்பது வருஷம் வாசகியாகவே வைத்திருந்தது வார இதழ். அதைக் குப்பை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இலக்கியக் கூட்டங்களில் வெகுஜனம் என்ற சொல்லை உதட்டைச் சுழித்துச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஆனந்த விகடன் 1926இல் தொடங்கியது, எஸ்.எஸ். வாசன் 1928இல் வாங்கினார். அதற்குப் பிறகு கல்கி, குமுதம் என்று வந்த இதழ்கள் எல்லாம் சேர்ந்து தமிழ்நாட்டில் காசு கொடுத்துக் கதை வாங்கிப் படிக்கிற ஒரு பெருங்கூட்டத்தை உருவாக்கின. அந்தக் கூட்டத்திலிருந்து வழி தவறி வந்தவர்கள்தான் சிற்றிதழுக்குச் சந்தா கட்டினார்கள். வேறு எங்கிருந்து வருவார்கள்?

இன்னொன்றும் பாருங்கள். 1933இல் தொடங்கிய மணிக்கொடி சில வருஷங்களில் ஓய்ந்த பிறகு புதுமைப்பித்தனின் முக்கியமான கதைகள் சில வந்தது கலைமகளில், வீட்டுக்கு வீடு மரியாதையாக வாங்கிய பத்திரிகையில். ஜெயகாந்தன் சரஸ்வதி போன்ற சிறிய இதழ்களில் எழுதிப் பழகி, பிறகு விகடனுக்குப் போனார். 1966இல் விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' கதைக்கு எவ்வளவு எதிர்ப்பு வந்தது, எதிர்க்கதைகள்கூட எழுதப்பட்டன என்று பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். கெட்டுப்போனதாக ஊர் சொல்லக்கூடிய மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்கிற அம்மா அந்தக் கதையில் வருகிறாள். லட்சக்கணக்கான வீடுகளுக்குள் அந்த அம்மாவை அனுப்பியது ஒரு வார இதழ். 300 பேர் படிக்கும் இதழில் அந்தக் கதை வந்திருந்தால் அந்த 300 பேரும் நல்ல கதை என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அது சண்டை போடவேண்டிய இடத்தில் போய்ச் சண்டை போட்டது.

ஆக, தரத்தை வைத்துப் பிரித்தால் கணக்கு இடிக்கும். வெகுஜன இதழ் ஆசிரியருக்கும் சில சமயம் அந்த நாற்காலிக்காரரை எழுந்து வெளியே போகச் சொல்கிற துணிச்சல் வரும். ஆனால் வாராவாரம் அப்படிச் செய்ய முடியாது.

சுஜாதா எந்தப் பக்கம்?
(வாசகர், ஓசூர்)

இரண்டு பக்கமும். குமுதத்திலும் விகடனிலும் தொடர்கதை, கணையாழி என்ற இலக்கிய இதழில் 'கடைசிப் பக்கம்' என்ற பத்தி. தொடர்கதைக்காக அவரைத் தேடிப்போய், அந்தக் கடைசிப் பக்கம் வழியாகக் கவிதைக்குள் நுழைந்தவர்களில் நானும் ஒருவன். என் வாசிப்பில் அவருக்கு நான் பட்ட கடன் பெரிது.

ஒரு வார இதழுக்குக் கதை அனுப்பினேன். பிரசுரிக்கிறோம், ஆனால் முடிவை மாற்றித் தரவேண்டும் என்கிறார்கள். கதாநாயகி வீட்டுக்குத் திரும்பிவிடுவதாக முடிக்கச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
(முதல் கதை எழுதியவர், கும்பகோணம்)

தம்பியோ தங்கையோ தெரியவில்லை, பெயர் போடவேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன செய்யவேண்டும் என்று சொல்வதற்கு முன்னால் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இருபத்து மூன்று வயதில் ஒரு வார இதழில் கதை வந்தது. கடையில் நின்றபடியே பிரித்துப் படித்தேன். கடைசிப் பத்தி என்னுடையது இல்லை. நான் எழுதியதில் அப்பா கதவைத் திறக்கமாட்டார், அச்சில் அவர் திறந்து மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். என்னைக் கேட்கவே இல்லை. உங்களையாவது கேட்டிருக்கிறார்கள், அது நல்ல இடம் என்பதற்கு அடையாளம். ஊரில் எல்லோரும் பாராட்டினார்கள், குறிப்பாக அந்தக் கடைசிப் பத்தியை. என் நிஜமான அப்பா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இதழை மடித்து வைத்தார். அன்றைக்கு என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் எழுதாத சமாதானத்துக்கு என் பெயர் கீழே இருந்தது.

சன்மானம் வந்தது, செலவழித்தேன். அந்தக் கதையை இதுவரை எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை, ஏனென்றால் கையெழுத்துப் பிரதி தொலைந்துவிட்டது, அச்சில் இருப்பது என் கதையும் இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வார்த்தை மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். நீளம் குறைக்கச் சொன்னால் குறையுங்கள், நல்ல உதவி ஆசிரியர் வெட்டினால் கதை பெரும்பாலும் தேறும், இதை அந்த மேஜையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் அவள் திரும்பி வரவேமாட்டாள் என்று தெரிந்துதானே அந்தக் கதையையே எழுதினீர்கள்? அப்படியென்றால் கொடுக்காதீர்கள். கோபமில்லாமல் இரண்டு வரி எழுதித் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அதே இதழுக்கு வேறொரு கதை அனுப்புங்கள், அவர்கள் உங்கள் எதிரிகள் இல்லை. இந்தக் கதை ஒரு வருஷம் கழித்து 400 பேர் படிக்கிற இடத்தில் வரட்டும். எப்படியானாலும் கையெழுத்துப் பிரதி ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இலக்கியத்தை விடுங்கள், பாட்டில்? சினிமாப் பாட்டுக்கு வெளியே தமிழில் ஏதாவது இருக்கிறதா?
(வாசகர், ஆவடி)

ஆவடியில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள். ரயிலில் முக்கால் மணி நேரத்தில் வடசென்னைக்குப் போய்விடலாம், அங்கே சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய கானா இருந்ததே. யாரும் அதற்கு ஒலிப்பதிவு நிறுவனம் வைக்கவில்லை, ரேடியோ கூப்பிடவில்லை. இறந்தவர் பெயரைச் சேர்த்து அந்த இரவுக்காகவே கட்டிய வரிகள். தொண்ணூறுகளில் தேவாவின் இசை வழியாகச் சினிமா அதை வாரி எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு கானா ஊரெங்கும் ஒலித்தது. மெட்டு வந்தது, துள்ளல் வந்தது. அந்த மெட்டுக்குப் பின்னால் இருந்த துக்கமும், அதைப் பாடியவர்கள் எந்தத் தெருவில் ஏன் வாழவேண்டியிருந்தது என்ற பேச்சும் பெரும்பாலும் வரவில்லை. எடுப்பதில் எனக்கு வருத்தமில்லை, பாதியை மட்டும் எடுத்ததில்தான் வருத்தம்.

விட்டுப்போன அந்தப் பாதி 2018 ஜனவரியில் மேடையேறியது. 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்தது. கானாவும் ராப்பும் ராக்கும் கலந்து, சாதியைப் பெயர் சொல்லிப் பாடினார்கள். அந்தக் குழு உருவாகக் காரணமாக இருந்தது இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம். அவர் பெரிய நட்சத்திரங்களை வைத்துப் படம் எடுக்கிறவர். அப்படியானால் இது சுயாதீனமா, யாரையும் சாராமல் நிற்பதா என்று சிலர் கேட்டார்கள். நான் முன்பு சொன்ன அளவுகோலை வைத்துப் பாருங்கள். மேடையில் என்ன பாடுவது என்பதைப் பாடுகிறவர்கள் முடிவு செய்தால், கைவிட்டுப் போகிற பணத்தைத் தாங்க ஒருவர் மனமுவந்து முன்வந்தால், அந்தப் பணம் சினிமாவிலிருந்து வந்திருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. 2020 டிசம்பரில் தொடங்கி அதே மையம் 'மார்கழியில் மக்களிசை' நடத்துகிறது. மார்கழி என்றால் சபாக்களின் கர்நாடக இசைக் கச்சேரி என்று மட்டுமே பழகிய ஊரில் அந்த மாதத்தின் பெயரை எடுத்துக்கொண்டதே பெரிய காரியம்.

படங்களில் சுயாதீனம் என்றால் குறைந்த பட்ஜெட்டா?
(வாசகி, சேலம்)

குறைந்த பட்ஜெட்டில் பெரிய படத்தின் நகலை எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் பட்ஜெட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஜான் ஆபிரகாம் என்ற கேரளத்து இயக்குநரைத் தெரிந்துகொள்ளுங்கள். 1977இல் தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தார், திரைக்கதை வெங்கட் சாமிநாதன். அதே எழுத்து பத்திரிகையில் விமர்சனம் எழுத ஆரம்பித்தவர்தான். தேசிய விருது கிடைத்தது, சிறந்த தமிழ்ப் படம் என்று. ஆனாலும் நம் ஊர்களில் எத்தனை பேர் அதைத் தியேட்டரில் பார்த்திருப்பார்கள்? ஜான் பிறகு 1984இல் நண்பர்களோடு 'ஒடேசா' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்த் திரை கட்டிப் படம் போட்டுக் காட்டி, பார்க்க வந்தவர்களிடம் சிறு தொகையாக வசூலித்து, அந்தக் காசில் 1986இல் ஒரு மலையாளப் படமே எடுத்து முடித்தார்கள். அடுத்த வருஷம் அவர் இறந்துவிட்டார். தயாரிப்பாளர் என்று ஒருவர் இல்லாமல், பார்க்கப்போகிறவர்களே முன்கூட்டிப் பணம் போட்ட படம். கொடுத்தவர்களில் யாரும் க்ளைமாக்ஸை மாற்று என்று கேட்க வழியில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் வேறு. மேலூர்ப் பக்கத்து வெயிலில் எடுத்த, பாட்டு, சண்டை எதுவும் இல்லாத, ஒண்ணேகால் மணி நேரப் படமான 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் முதல் பரிசான புலி விருது வாங்கியது. தயாரிப்பாளர்களாக முன்வந்தவர்கள் நயன்தாராவும் விக்னேஷ் சிவனும். அத்தனை இருந்தும் பொதுமக்கள் பார்வைக்கு அது வந்தது 2023இல், அதுவும் ஓடிடியில்தான். எடுப்பதற்கான கதவு திறந்துவிட்டது, தியேட்டர் கதவு அவ்வளவு சுலபமாகத் திறப்பதில்லை. சேலத்தில் இருக்கும் உங்களுக்கு அதைப் பெரிய திரையில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

எழுத்து, கசடதபற மாதிரி சிற்றிதழ்கள் என்று எப்போதும் சென்னையையே பேசுகிறீர்கள். எங்களைப் பொறுத்தவரை உங்கள் குமுதமும் விகடனும் மட்டுமல்ல, உங்கள் சிற்றிதழ்களும் பெரிய இடம்தான்.
(ஈழத்து வாசகர், டொராண்டோ)

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. பெரியது சிறியது என்பது நிற்கிற இடத்தைப் பொறுத்தது, நான் சென்னையில் நின்றே பேசிவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் 1966இல் டொமினிக் ஜீவா 'மல்லிகை' தொடங்கினார். சலூனில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். தன் தொழிலையும் சாதியையும் மறைக்காமல் எழுதியவர். இதழைத் தானே கையில் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்து விற்றார். போர், இடம்பெயர்வு எல்லாவற்றுக்கும் நடுவில் 2012 வரை சுமார் 400 இதழ்கள். செல்லப்பாவின் 119ஐ நான் இவ்வளவு பெருமையாகச் சொன்னேன், இதற்கு என்ன சொல்வது! தமிழ்நாட்டு வார இதழ்கள் கப்பலில் வந்து குவிந்தால் உள்ளூர் எழுத்துக்கு இடமில்லாமல் போகிறது என்று உங்கள் எழுத்தாளர்கள் போராடியதும், எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை அரசு அந்த இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் இங்கே பலருக்குத் தெரியாது. நாங்கள் அம்மாவின் பைண்டு புத்தகம் என்று பாசமாகப் பேசுகிற அதே பக்கங்கள் உங்களுக்கு மூச்சை அடைத்திருக்கின்றன. இதை எழுதும்போதுதான் எனக்கே அது முழுதாக உறைக்கிறது.

இப்போது கையில் போன் இருக்கிறது. நான் எழுதுகிறேன், நானே போடுகிறேன், ஆசிரியரும் கிடையாது விளம்பரதாரரும் கிடையாது. அப்போ நாங்கள் எல்லோருமே சுயாதீனம்தானே?
(வாசகர், கோவை)

போடுகிற அந்த நிமிஷம்வரை, ஆமாம். அது சின்ன விஷயம் இல்லை. செல்லப்பாவுக்குத் தாள், அச்சு, தபால் மூன்றும் செலவு, உங்களுக்கு அது எதுவும் இல்லை.

ஆனால் போட்ட பிறகு நடப்பதைக் கவனியுங்கள். பத்துப் பேருக்குக் காட்டலாமா பத்தாயிரம் பேருக்குக் காட்டலாமா என்று அந்தத் தளத்தின் அல்காரிதம் என்கிற ஒரு கணக்கு முடிவு செய்கிறது. அந்தக் கணக்கும் விளம்பரத்துக்காக ஓடுவதுதான். எங்கள் ஆசிரியர் திருப்பி அனுப்பும்போது ஒரு சீட்டாவது வைப்பார், என்ன குறை என்று ஒரு வரி இருக்கும். இது எதுவும் சொல்வதில்லை, சும்மா காட்டாமல் இருந்துவிடுகிறது. நீங்களே யூகித்து, எதற்கு ஆட்கள் வந்தார்கள் என்று பார்த்து, அடுத்ததைக் கொஞ்சம் அப்படி எழுதுகிறீர்கள், அதற்கடுத்ததை இன்னும் கொஞ்சம். நாற்காலிக்காரர் இப்போது உங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தெரிந்த, நன்றாகக் கவிதை எழுதிக்கொண்டிருந்த ஒரு பையன் இரண்டே வருஷத்தில் தினமும் காலை வணக்கத்தோடு நான்கு வரி போடுகிறவனாக மாறியதைப் பார்த்தேன். யாரும் அவனை மாறச் சொல்லவில்லை. அவன் பழைய கவிதைகள் எனக்கு இன்னும் மனப்பாடம், அதனால் வலிக்கிறது.

நீங்களே ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். யாருமே பார்க்காத ஒன்றைப் போட்டுவிட்டு, அதே மாதிரி இரண்டாவது ஒன்றையும் போட உங்களால் முடிகிறதா? முடிந்தால் நீங்கள் சொல்வது சரி.

நாங்கள் நான்கு நண்பர்கள் ஒரு சிற்றிதழ் தொடங்கப் போகிறோம். என்னென்ன கவனிக்கவேண்டும்?
(வாசகி, திருவண்ணாமலை)

இந்தக் கடிதத்தைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. நாங்களும் நான்கு பேராகத்தான் ஆரம்பித்தோம், ஒன்பது இதழ் கொண்டுவந்தோம். நாங்கள் செய்த தப்பு ஆண்டுச் சந்தாவை முதலிலேயே வாங்கியது. வந்த பணம் இரண்டாவது இதழிலேயே தீர்ந்தது, பாக்கி இதழ்களை அனுப்பவேண்டிய கடன் மட்டும் நின்றது. ஒன்பதாவது இதழோடு நிறுத்தியபோது முப்பத்தியொரு பேருக்கு மணியார்டரில் மீதியைத் திருப்பி அனுப்பினோம், ஒருவரைத் தவிர எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். வாங்க மறுத்தவர் ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர்.

அதனால் தனி இதழாக விற்றுப் பாருங்கள், மூன்றாவது இதழுக்கான விஷயம் கையில் வந்த பிறகு சந்தா கேளுங்கள். மாத இதழ் என்று அறிவித்து மாட்டிக்கொள்ளாதீர்கள், காலாண்டு இதழே சுமைதான். பக்கங்களை 16இன் மடங்காகத் திட்டமிடுங்கள், அச்சில் 16 பக்கம் சேர்ந்தது ஒரு பாரம், 64 பக்கம் என்றால் நான்கு பாரம், தாள் வீணாகாது. 65ஆவது பக்கத்துக்கு ஆசைப்பட்டால் செலவு ஏறும். முதலில் 200 பிரதி போதும், இப்போதெல்லாம் தேவைப்பட்டால் ஐம்பது நூறு என்று மறுபடி அடித்துக்கொள்ள முடிகிறது, எங்கள் காலத்தில் அது கிடையாது. கடைகளில் கொடுத்தால் கமிஷன் போகும், பணம் தாமதமாக வரும், ஆனாலும் நாலு கடையிலாவது கண்ணில் படட்டும். பதிவு செய்யாமல் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று பின்னட்டையில் போட்டுப் பலர் காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். தொடர்ந்து நடத்துகிற எண்ணம் இருந்தால் முறையாகப் பதிவு செய்துவிடுங்கள்.

நான்கு பேரில் யார் கடைசியாக வேண்டாம் என்று சொல்லலாம் என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் எழுதிய மோசமான கதை உங்கள் முதல் பெரிய சோதனையாக இருக்கும், எங்கள் குழு பணத்தால் உடையவில்லை, அதனால்தான் உடைந்தது. எழுதுகிறவருக்குச் சன்மானம் தர முடியாவிட்டால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இரண்டு பிரதியாவது தவறாமல் அனுப்புங்கள்.

ஒவ்வொரு இதழிலும் ஐந்து பிரதிகளைத் தனியாக எடுத்து வையுங்கள். எங்களுடைய மூன்றாவது இதழ் இன்றைக்கு எங்கள் நான்கு பேரிடமும் இல்லை. ஒன்றைச் சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அனுப்புங்கள், ஒன்றை உங்கள் ஊர் நூலகத்தில் கொடுத்து மேஜையில் போடச் சொல்லுங்கள். முதல் இதழ் வந்ததும் இந்த அலுவலக முகவரிக்கு எனக்கும் ஒன்று அனுப்புங்கள், விலையைப் பின்னட்டையில் பார்த்து அன்றைக்கே பணம் அனுப்பிவிடுகிறேன்.